ஆட்டின் வயிற்றுப் புழுவும் வாய்க்கால் கரைப் புல்லும்

(காரைக்கால் பகுதியில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் கால்நடை வைத்தியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இங்கு வரும் வழியில் திருநள்ளாற்றைக் கடந்து வந்தேன். சனி பகவானின் பிடியிலிருந்து நளன் விடுபட்ட தலம் என்று நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள். அவர்களுக்கு நளன் துன்பப்பட்டு மீண்ட அரசன். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கோ அவன் வேறொரு வகையில் உறவினன். குதிரைகளின் தன்மையை நன்கு அறிந்தவன் அவன். வாகுகன் என்ற பெயருடன் அவன் தேரோட்டியாக இருந்தபோது, ருதுபர்ணனை ஒரே நாளில் விதர்ப்ப நாட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது. லாயத்தில் கொழுத்த குதிரைகள் எத்தனையோ இருந்தும், மெலிந்து தோன்றிய குதிரைகளையே அவன் தேர்ந்தெடுத்தான். அரசன் அதைக் கண்டு முகம் சுளித்தானாம். மெலிவில் இரண்டு வகை உண்டு என்பதை நளன் அறிந்திருந்தான். ஒன்று உழைப்பால் வந்த மெலிவு. மற்றொன்று உள்ளே இருந்து அரிக்கும் நோயால் வந்த மெலிவு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

ஆனால் நான் பேசப்போவது குதிரையைப் பற்றி அன்று. குதிரையின் வயிற்றிலும் குடலிலும் புழுக்கள் உண்டு. அவற்றுள் சில வகை வீட்டு ஈக்களின் வழியாக வருகின்றன. ஒரு வகையின் இளம் பருவம் ரத்தக் குழாய்க்குள் புகுந்து, குதிரையைத் தரையில் புரண்டு துடிக்கச் செய்யும் கடும் வயிற்றுவலியை உண்டாக்கும். ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில் இதைப் பற்றி விரிவாகப் பேசியிருப்பேன். இன்று நமக்கு அருகில் குதிரைகளைக் கூட்டமாகக் காண வேண்டுமானால் தெற்கே கோடியக்கரைக் காட்டுக்குத்தான் போக வேண்டும். மனிதரை விட்டுக் காடேறிய குதிரைகள் அங்கே சதுப்பிலும் புல்வெளியிலும் திரிகின்றன. அவற்றிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

காரைக்காலில் ஏழையின் கையிலிருக்கும் கால்நடை வெள்ளாடு. நிலம் இல்லாத குடும்பத்திலும் இரண்டு ஆடு இருக்கும். பள்ளிக்கூடச் செலவுக்கு ஒன்று, மருத்துவச் செலவுக்கு ஒன்று என்று அவை நடமாடும் சேமிப்பாக நிற்கின்றன. தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் நல்ல விலை போகின்றன. அந்தச் சேமிப்பைத் திருடன் வந்து தூக்கிப் போனால் ஊரே கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு மார்கழியிலும் தை மாதத்திலும் ஒரு திருடன் ஆட்டின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து கொண்டு அதைக் கொண்டு போகிறான். “பனியில் ஆடு செத்துப் போச்சு” என்று சொல்லிப் புதைத்துவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், அரசலாற்றங்கரையை ஒட்டிய ஒரு குடியிருப்புக்கு என்னை அழைத்தார்கள். ஒரு தாயாரிடம் ஏழு ஆடுகள் இருந்தன. பத்து நாட்களுக்குள் மூன்று இறந்துவிட்டன. நான்காவது நான் போன அன்று விடியற்காலையில் இறந்து கிடந்தது. நல்ல பருவத்து ஆடு, வயிறு நிறைந்திருந்தது, உடம்பும் அவ்வளவாக வற்றவில்லை. “பூச்சியாக இருக்கும் அம்மா” என்றேன். அந்த அம்மாள் என்னை நம்பவில்லை. “கழிச்சலே இல்லையே ஐயா! புழுக்கை உருண்டை உருண்டையாகத்தான் போட்டுச்சு. பூச்சி இருந்தா கழியாதா? பூச்சி மருந்து வேற ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கொடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார்.

அவர் கேட்ட இரண்டு கேள்விகளும் சரியான கேள்விகள். பதிலை அங்கேயே காட்டினேன். இறந்த ஆட்டின் வயிற்றைத் திறந்தேன். அசை போடும் பிராணிக்கு வயிறு நான்கு அறை கொண்டது என்பது உங்களுக்குத் தெரியும். நான்காவது அறையைக் கீறித் தண்ணீர் விட்டுக் கழுவியதும், சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்துத் திரித்தது போன்ற மெல்லிய புழுக்கள் நூற்றுக்கணக்கில் நெளிந்தன. ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குள் அடங்கும். சிவப்பு நூலாகத் தோன்றுவது புழுவின் குடல். அதில் நிறைந்திருப்பது ஆட்டின் ரத்தம். வெள்ளை நூல் அதன் சினைப்பை. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பதால் திரித்த நூல் போலத் தெரிகிறது. ஆண் புழு சிறியது. வெறும் சிவப்பாக இருக்கும். அந்த அம்மாள் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். விஞ்ஞான நூல்களில் இதற்கு ஹீமாங்கஸ் என்று பெயர். நாம் ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழு என்று சொன்னால் போதும்.

இந்தப் புழு கழிச்சலை உண்டாக்குவதில்லை. குடலில் வாழும் வேறு சில புழுக்கள் கழிச்சலை உண்டாக்கும். அதைப் பார்த்துப் பழகிய நாம், கழிச்சல் இல்லையென்றால் பூச்சி இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இதுவோ ஓசையில்லாமல் ரத்தத்தைக் குடிக்கிறது. ஒரு புழு ஒரு நாளைக்கு ஒரு மில்லி லிட்டரில் இருபதில் ஒரு பங்கு ரத்தத்தை வீணாக்குகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆயிரம் புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 50 மில்லி லிட்டர். இருபது கிலோ எடையுள்ள ஆட்டின் உடம்பில் மொத்தமாக இருப்பதே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம்தான். மாதம் முழுவதும் இப்படிப் போனால் ஆட்டின் உடம்பிலுள்ள ரத்தம் அத்தனையும் ஒரு முறை போய்விட்டது என்று பொருள். ஆடு புது ரத்தம் ஊறச் செய்து ஈடு கட்டப் பார்க்கிறது. கையிருப்புத் தீர்ந்த அன்று, மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும்போதே படுத்துவிடுகிறது. ரத்தத்தின் சத்து குறையும்போது நீர் கசிந்து கீழ்த்தாடையில் பை போல வீங்குவதும் உண்டு. அதைத் தொண்டை வீக்கம் என்று நினைத்துச் சூடு போடுகிறார்கள். ரத்தம் இல்லாமல் தவிக்கும் ஆட்டுக்குச் சூடு வேறு! அந்த வழக்கத்தை அருள் கூர்ந்து விட்டுவிடுங்கள்.

இனி, இந்தப் புழு ஆட்டின் வயிற்றுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பார்ப்போம். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு ஐயாயிரம் முட்டைகளுக்குக் குறையாமல் இடக்கூடியது. ஓர் ஆட்டின் வயிற்றில் 500 பெண் புழுக்கள் இருந்தால், அந்த ஆடு தினந்தோறும் 25 லட்சம் முட்டைகளைப் புழுக்கையோடு மண்ணில் விதைக்கிறது. நாம் விதை நெல்லைக் கூட இவ்வளவு தாராளமாக விதைப்பதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் நாலைந்து நாட்களுக்குள் முட்டை பொரிந்து, இரண்டு முறை தோலுரித்து, ஆட்டைத் தாக்கத் தகுந்த இளம்புழுவாகிவிடும். குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்து இந்த வேலையை நிறுத்திவைக்கும். நம் பக்கத்தில் முட்டை பொரியாத அளவுக்குக் குளிர் என்றுமே வருவதில்லை. வெயிலும் வறட்சியும்தான் நமக்குத் துணை.

இளம்புழு புல்லின் மேலுள்ள பனி ஈரத்தில் நீந்தி மேலே ஏறுகிறது. பெரும்பாலானவை தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்துக்குள்ளேயே இருக்கும். ஆடு அந்தப் புல்லைக் கடிக்கும்போது உள்ளே போய், மூன்று வாரங்களில் முட்டையிடும் புழுவாகிவிடுகிறது. ஆக, முட்டையிலிருந்து முட்டைக்கு ஏறக்குறைய நான்கு வாரம். ஐப்பசியில் மழை தொடங்கும்போது ஒரு தலைமுறை, கார்த்திகையில் அடுத்தது, மார்கழியில் மூன்றாவது. ஆடு சாவது ஏன் மார்கழியில் என்பது இப்போது விளங்கும். பனியின் மீது வீண் பழி சுமத்துகிறோம்.

இதில் நம் காரைக்காலுக்கே உரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு என்று காவிரியின் கிளைகள் விரல் விரித்தாற்போல் ஓடும் களிமண் பூமி இது. நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய எந்தக் கொம்யூனுக்குப் போனாலும், (பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் நிர்வாகத்தை விட்டுப் போனாலும் இந்தச் சொல் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை) ஆவணி, புரட்டாசி முதல் தை வரை வயலெல்லாம் சம்பாப் பயிர் நிற்கும். புறம்போக்கு மேய்ச்சல் நிலம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஆடு கால் வைக்க நனையாத இடம் வரப்பும், வாய்க்கால் கரையும், சாலை ஓரமும்தான். ஊரிலுள்ள எல்லா ஆடுகளும் ஐந்து மாத காலம் அந்த ஒற்றைக் கோட்டிலேயே மேய்கின்றன. அங்கேயே புழுக்கை போடுகின்றன. புல் குட்டையாகக் கடிபடக் கடிபட, ஆட்டின் வாய் தரையை நெருங்குகிறது. மழை இடைவிடாது புல்லை நனைக்கிறது. புழு வளர்ப்பதற்கென்றே ஒருவர் திட்டம் போட்டிருந்தால்கூட இதைவிட நல்ல ஏற்பாட்டைச் செய்திருக்க முடியாது.

கோடியக்கரைக் குதிரைகளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். விரிந்த வெளியில் திரியும் குதிரை தான் சாணம் போட்ட இடத்துப் புல்லை எளிதில் கடிப்பதில்லை. போடும் இடம் ஒன்று, மேயும் இடம் வேறு என்று அது பிரித்து வைத்துக்கொள்ளும். அதைக் கட்டுத்தறியில் பிணைத்தோ, குறுகிய இடத்தில் அடைத்தோ வைத்தால் அந்தப் பழக்கத்தைக் கடைப்பிடிக்க வழியில்லாமல் போகிறது. வெள்ளாட்டின் கதையும் இதுவே. வெள்ளாடு பிறவியில் புல் மேயும் பிராணி அன்று. தழை கடிக்கும் பிராணி. பின்னங்காலில் எழுந்து நின்று, அண்ணாந்து, கிளையை வளைத்துத் தின்பதே அதன் இயல்பு. தலைக்கு மேலே இருக்கும் தழையில் புழு ஏது? ஆகவே புழுவை எதிர்க்கும் சக்தி செம்மறியைவிட வெள்ளாட்டுக்கு உடம்பிலேயே குறைவு. அப்படிப்பட்ட பிராணியை அரை முழக் கயிற்றில் வரப்பில் கட்டி, தரையோடு தரையாகப் புல்லைக் கடிக்க வைக்கிறோம். குற்றம் ஆட்டினுடையது அன்று.

இந்த இடத்தில்தான் பஞ்சாயத்து அன்பர்களின் உதவி தேவைப்படுகிறது. வாய்க்கால் கரையிலும் சாலை ஓரத்திலும் மரம் வைப்பது ஒவ்வொரு ஊரிலும் நடக்கிறது. வைக்கும் மரம் எது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். அகத்தி, கல்யாண முருங்கை, கிளைரிசிடியா, பூவரசு, சவுண்டல் ஆகியவற்றை வைத்தால், மழைக்கால ஐந்து மாதமும் தழையை வெட்டிக் கட்டித் தொங்கவிடலாம். சவுண்டலை மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். அதில் ஒரு நச்சுப் பொருள் உண்டு. கட்டை எந்த உயரத்தில் தொங்கவிடுவது என்று கேட்பார்கள். ஆட்டின் முதுகு உயரத்துக்கு மேலே இருக்கட்டும். தரையில் போட்டால் அதன் மேலேயே புழுக்கை போட்டு மிதிக்கும். பிறகு வாய்க்கால் கரைக்கும் கொட்டிலுக்கும் வித்தியாசம் இல்லை. அகத்தி களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். அதைக் கரையின் முகட்டில் மட்டும் வைக்க வேண்டும். பூவரசு தாங்கும், உப்புக் காற்றையும் தாங்கும். மரத்தை வைத்துவிட்டு, தழை வெட்டும் உரிமையை ஆடு வைத்திருக்கும் நிலமற்ற குடும்பங்களுக்கு முறை வைத்து விட்டுக்கொடுத்தால், ஏலத்தில் கிடைக்கும் சிறு தொகையைவிட ஊருக்கு லாபம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

கொட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரண் அமைத்து ஆடு வளர்ப்பதை இப்போது பலரும் அறிவார்கள். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பனஞ்சட்டமும் மூங்கிலும் போதும். தரையிலிருந்து இடுப்பளவு உயர்த்தி, சட்டங்களுக்கிடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டால் புழுக்கை கீழே விழுந்துவிடும். குட்டிகள் நிற்கும் பக்கத்தில் இடைவெளியை இன்னும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் மாட்டிக்கொள்ளும். கீழே விழுந்த புழுக்கையைக் குவித்துவைத்தால், குவியல் சூடேறி முட்டையும் இளம்புழுவும் மடிந்துவிடும். பிறகு அது வயலுக்கு நல்ல எரு. பச்சையாக அள்ளி வரப்போரம் கொட்டுவதுதான் தவறு.

மேய்த்தே ஆக வேண்டியவர்களுக்கும் வழி உண்டு. மழையில்லாத நாட்களில் பனி உலர்ந்த பிறகு, காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் அவிழ்த்து விடுங்கள். ஒரே கரையில் தினமும் மேய்க்காமல், ஊர்க்கரைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து முறை போட்டு மேயுங்கள். இதுபோல மழை மிகுந்த பசிபிக் பெருங்கடல் தீவு ஒன்றில், டோங்கா என்ற நாட்டில், 1990-களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மேய்ச்சல் நிலத்தைப் பத்துப் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மட்டும் வெள்ளாடுகளை மேய விட்டார்கள். மூன்றரை நாளுக்குள் அன்று போட்ட முட்டை தாக்கத் தகுந்த புழுவாவதில்லை. ஒரு சுற்று முடிந்து அதே பாகத்துக்குத் திரும்ப ஒரு மாதம் ஆகும். அந்த ஈர வெப்பத்தில் இளம்புழு ஓடியாடி, சேமித்த சத்தைத் தீர்த்துக்கொண்டு அதற்குள் பெரும்பாலும் இறந்துவிடுகிறது. ஏனென்றால் அந்தப் பருவத்தில் அதனால் எதையும் தின்ன முடியாது; பழைய தோலைப் போர்த்திக்கொண்டு வாய் மூடிக் கிடக்கும். அந்த ஆடுகளின் சாணத்தில் புழு முட்டை பாதிக்கும் கீழே இறங்கியது. மருந்து கொடுக்க வேண்டிய தடவைகளும் வெகுவாகக் குறைந்தன. நமக்கு வேலி போட்ட நிலம் இல்லை. ஆனால் வாய்க்கால்களுக்குக் குறைவில்லை. ஒரு வாரம் இந்தக் கரை, அடுத்த சில நாட்கள் அந்தக் கரை என்று ஊர் கூடி முடிவு செய்ய முடியாதா? நாலு நாளைக்கு ஒரு முறை கரை மாற்றுவதே உத்தமம். இடையில் மாடுகளை அந்தக் கரையில் மேய்த்தால் இன்னும் நல்லது. இந்த ஆட்டுப் புழுவின் குட்டிகளை மாடு விழுங்கினால், அவற்றில் பெரும்பாலானவை அதன் வயிற்றில் தழைப்பதில்லை. மயிரிழை போன்ற வேறொரு வயிற்றுப் புழு மட்டும் ஆடு, மாடு, குதிரை மூன்றுக்கும் பொதுவானது. அதனால் இவ்வளவு சேதம் இல்லை.

அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்த பிறகு, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் செம்மறிக் கிடையோடு டெல்டாவுக்கு வருகிறார்கள். வயலுக்கு உரமாகிறது என்று வரவேற்கிறோம், அது சரிதான். கோடை வெயிலில் காய்ந்த வயலில் கிடை போடுவதால் பெரிய அபாயம் இல்லை. சூடும் வறட்சியும் முட்டையைக் கொன்றுவிடும். ஆனால் வாய்க்கால் ஈரத்தோரம் நம் ஆடும் அந்த ஆடும் கலந்து மேய்வதைத் தவிர்க்கலாம். சந்தையில் வாங்கி வரும் புது ஆட்டையும் மருந்து கொடுத்து, மூன்று வாரமாவது தனியே கட்டி வையுங்கள். காரணத்தை இப்போது சொல்லப் போகிறேன்.

அந்த அம்மாளின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மருந்து கொடுத்தும் ஆடு ஏன் இறந்தது? இதில் என் தொழிலைச் சேர்ந்தவர்களும், நானும் குற்றவாளிகள்தாம். நான் வேலையில் சேர்ந்த புதிதில், முகாம் நடத்தும்போது, வரிசையாக நிறுத்திய ஆடுகளுக்கெல்லாம் கண்ணளவில் ஒரே அளவு மருந்தை ஊற்றிக்கொண்டே போவேன். மாலையில் இத்தனை நூறு ஆடு என்று கணக்கெழுதித் திருப்தியோடு வீடு திரும்புவேன். அது வைத்தியம் அன்று, புழுவுக்குப் பயிற்சி என்பது பிறகுதான் புரிந்தது.

பழைய காலத்தில் மயில்துத்தத்தைக் கரைத்துக் கொடுத்தார்கள். அளவு தவறினால் புழுவுக்கு முன் ஆடு போய்விடும். செம்மறிக்கு அது பெரும் விஷம். 1961-இல் தையாபெண்டசோல் என்ற புது மருந்து வந்தது. ஆட்டுக்குத் தீங்கில்லாமல் புழுவை ஒழித்தது, உலகமே கொண்டாடியது. மூன்றே வருஷங்களில், 1964-இல், அந்த மருந்துக்குச் சாகாத ரத்தம் உறிஞ்சும் புழுவை அமெரிக்காவில் கண்டார்கள். இன்று நாம் கொடுக்கும் ஆல்பெண்டசோலும், பென்பெண்டசோலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள். ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த ஐவர்மெக்டின் 1981-இல் வந்தது. அதைக் கண்ட கேம்ப்பெல், ஓமுரா ஆகிய இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அருமையான மருந்துக்கும் பல நாடுகளில் இந்தப் புழு இப்போது பணிவதில்லை. குறைந்த அளவு மருந்தை அடிக்கடி கொடுத்தால், பலவீனமான புழு சாகிறது. பலமானது பிழைத்து முட்டையிடுகிறது. அந்த முட்டைதான் அடுத்த வருஷத்துக் கரை முழுதும் பரவுகிறது. சந்தையில் வாங்கிய ஆடு இப்படிப்பட்ட புழுவை வயிற்றில் கொண்டுவந்து நம் கரையில் இறக்கிவிடவும் கூடும்.

அளவு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். ஆகவே பல மருந்துகளைச் செம்மறிக்குரிய அளவில் வெள்ளாட்டுக்குக் கொடுத்தால் போதாது. எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். சிலவற்றைக் கூட்டினால் அபாயம். அதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டே செய்ய வேண்டும். எடையைக் கண்ணால் மதிப்பிடுவதில் நாமெல்லாரும் தவறு செய்கிறோம். 25 கிலோ ஆட்டைப் பதினைந்து பதினெட்டு என்று சொல்லுகிறோம். பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு தொங்கு தராசும் ஒரு சாக்குத் தொட்டிலும் வாங்கி வைத்தால், ஊர் ஆடு முழுவதையும் நிறுத்துவிடலாம். ஒரு தராசின் விலை ஒரு குட்டியின் விலையைவிடக் குறைவு. சினை பிடித்து முதல் மாதத்தில் இருக்கும் ஆட்டுக்கு ஆல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகலாம். மருந்து ஊற்றும்போது தலையை வானம் பார்க்கத் தூக்க வேண்டாம்; புரையேறி நுரையீரலில் இறங்கிவிடும்.

எந்த ஆட்டுக்குக் கொடுப்பது? எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்பதே புதிய பாடம். ஒரு மந்தையில் புழுக்களில் பெரும் பகுதி ஒரு சில ஆடுகளின் வயிற்றில்தான் குவிந்திருக்கும். மற்றவை தாக்குப்பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சில ஆடுகளை மட்டும் கண்டுபிடித்துக் கொடுத்தால், மருந்துச் செலவும் மிச்சம்; மருந்து காணாத புழுக்கள் மற்ற ஆடுகளில் எஞ்சியிருப்பதால், மருந்துக்குப் பணியாத இனம் மட்டுமே பெருகிவிடாது. இதைக் கேட்டதும் “புழுவை விட்டுவைக்கச் சொல்கிறாரே!” என்று சிலர் சிரிப்பதைக் காண்கிறேன். வயலில் விதை நெல்லைக் காப்பது போல, மருந்துக்குப் பணியும் புழுவையும் கொஞ்சம் காக்கத்தான் வேண்டியிருக்கிறது.

கண்டுபிடிக்கும் முறையைத் தென்னாப்பிரிக்கக் கால்நடை வைத்தியர்கள் 1990-களில் வகுத்தார்கள். அதற்கு ஃபமாச்சா முறை என்று பெயர். ஆட்டின் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்த்து, அதன் நிறத்தை ஐந்து வண்ணங்கள் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிடுவதுதான் முறை. நல்ல சிவப்பு முதல் எண், இளஞ்சிவப்பு இரண்டும் மூன்றும், வெளுப்பு நான்கு, காகிதம் போன்ற வெண்மை ஐந்து. நான்கும் ஐந்தும் உடனே மருந்து கொடுக்க வேண்டியவை. மூன்றாம் எண்ணில் குட்டியோ, சினை ஆடோ, பால் கொடுக்கும் ஆடோ இருந்தால் அதற்கும் கொடுத்துவிடுங்கள். குட்டி ஈன்ற சமயத்தில் தாய் ஆட்டின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து, அது வழக்கத்தைவிட மிகுதியாக முட்டைகளை வெளியேற்றும். அந்தக் கரையில்தான் குட்டி முதன்முதலில் புல் கடிக்கப் பழகுகிறது. ஐப்பசி முதல் தை வரை பதினைந்து நாளைக்கு ஒரு முறை பாருங்கள். கோடையில் மாதம் ஒரு முறை போதும். நல்ல பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்தி வெளிச்சத்தில் வெளுத்த கண்ணும் சிவப்பாகத் தோன்றும்.

வெளுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. உண்ணி, பேன் மிகுந்தாலும் வெளுக்கும். ஈரல் தட்டைப் புழுவாலும் வெளுக்கும். ஆகவே மருந்து கொடுத்தும் நிறம் திரும்பாவிட்டால், பத்துப் பதினைந்து புழுக்கைகளைப் புதிதாக எடுத்து, தாளில் மடித்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மருந்துக்கு முன் ஒரு முறை, பின் இரண்டு வாரத்தில் ஒரு முறை முட்டையை எண்ணிப் பார்த்தால், மருந்து வேலை செய்கிறதா என்பது தெளிவாகிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது குறைய வேண்டும். குறையவில்லையென்றால் அந்த மருந்தை அந்த ஊரில் நிறுத்திவிட வேண்டும்.

வேப்பிலையும் கட்டுக்கொடியும் கொடுக்கலாமா என்று தாய்மார்கள் வழக்கமாகக் கேட்பார்கள். துவர்ப்புள்ள தழைகள் புழுவின் தொல்லையைச் சிறிதளவு அடக்கும் என்று ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. வாரத்தில் இரண்டு நாள் கொடுப்பதில் தவறில்லை. கண் வெளுத்துவிட்ட ஆட்டை மட்டும் அதை நம்பி விட்டுவைக்க வேண்டாம். அதற்கு மருந்தோடு நல்ல தீனியும் வேண்டும். இழந்த ரத்தம் ஊறச் சத்து வேண்டுமல்லவா? உளுந்துப் பொட்டு நம் ஊரிலேயே கிடைக்கிறது. கையளவு கடலைப் பிண்ணாக்கும் சேர்த்தால், நாலைந்து வாரத்தில் இமை சிவக்கும்.

மாடு வைத்திருப்போர், நமக்கு ஒன்றுமில்லையா என்று நினைக்கக் கூடாது. எருமைக் கன்றுக்கு உருளைப் புழு தாய்ப்பாலிலேயே வருகிறது; கன்று பிறந்து பத்து நாளிலிருந்து பதினாறு நாளுக்குள் மருந்து கொடுத்தால் அதோடு தீர்ந்தது. வாய்க்கால் நத்தைகளின் வழியே வேறு சில புழுக்கள் வருகின்றன. தட்டையான நத்தை ஒன்றிலிருந்து கிளம்பும் நுண்புழு, தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்துப் புகுந்து, மூக்கின் ரத்தக் குழாய்களில் தங்கி, மூக்கில் சதை வளரச் செய்கிறது. மாடு மூச்சுவிடும்போது குறட்டை போல ஓசை எழும். குறட்டை நோய் என்று நாம் சொல்லும் அந்த வியாதிக்குக் காரணமான புழுவை 1930-களில் கண்டறிந்து விவரித்தவர் நம் சென்னையில் ஆராய்ச்சி செய்த டாக்டர் எம். அனந்தநாராயண ராவ் என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிடலாம். அதைப் பற்றி விரிவாகப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

அந்த அம்மாளிடம் மீந்திருந்த மூன்று ஆடுகளில் இரண்டுக்குக் கண் வெளுத்திருந்தது. எடை போட்டு, வேறு குடும்பத்து மருந்தைச் சரியான அளவில் கொடுத்தோம். ஒன்று பிழைத்தது, ஒன்று மூன்றாம் நாள் இறந்தது. இரண்டு வாரம் முன்னதாக இமையைப் பார்த்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும். இப்போது அந்தத் தெருவில் யாருடைய ஆடானாலும் அவர்தான் கண் பார்த்துச் சொல்லுகிறார். அட்டைகூட அவருக்குத் தேவைப்படுவதில்லை.

வெளியே பூவரச மரத்தடியில் ஆறு ஆடுகளைக் கட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன். அவற்றுள் இரண்டு வெளுத்தவை. எவை என்று நான் சொல்லப் போவதில்லை. வெளிச்சம் நன்றாக இருக்கிறது. மேல் இமையைக் கட்டைவிரலால் மூடி, கண்ணை மெல்ல உள்ளே அழுத்தி, கீழ் இமையை மற்ற விரலால் இறக்கிவிட்டால் உட்புறம் தானே வெளியே தெரியும். தாய்மார்கள் முதலில் வாருங்கள்.